ஒன்பது மீட்டர் என்று நான் சொன்ன பொய்மீன்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

இன்றும் ஒன்றுமில்லை. காலை ஆறு முதல் பதினொன்று வரை தூண்டில் நூலில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பொய்மீனுக்கு விழிஞ்ஞம் கடலைச் சுற்றிக் காட்டினோம். அதற்கு நல்ல உல்லாசப் பயணம். நமக்கு வெயில்.

வேலைப் பங்கீடு தெளிவாகத்தான் இருக்கிறது. படகும் எஞ்சினும் என் கூட்டாளி விஜின். தூண்டில் கம்பு, நூல் சுற்றும் ரீல், அடியில் மீன் காட்டும் எக்கோ திரை, கணக்கு எல்லாம் நான். தூண்டில் ஆசை பிடித்த பணக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது என்பது என் யோசனை. அதற்காகக் கழக்கூட்டத்தில் ஏசி அறை எஞ்சினியர் வேலையை விட்டேன், வலை இழுத்துக்கொண்டிருந்தவனையும் விட வைத்தேன். இரண்டு பேரையும் ஒரே யோசனையில் வேலையில்லாதவர்கள் ஆக்கியதற்கு ஏதாவது விருது உண்டா?

எக்கோ திரையில் ஒன்பது மீட்டரில் நெய்மீன், அதாவது வஞ்சிரக் கூட்டம் பளிச்சென்று தெரிகிறது. பொய்மீனின் அட்டைப்பெட்டியிலும் ஒன்பது மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது: மூக்குக்குக் கீழே உள்ள தகட்டைத் தண்ணீர் அழுத்த அழுத்த, மூக்கு குத்தி ஆழம் போகும். இரண்டும் ஒரே ஆழம். பிறகு ஏன் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை?

நவம்பர் 6, வியாழன்

ஒரு மில்லிமீட்டர் நூலை எடுத்துவிட்டு இன்னும் தடித்ததாக மாற்றினேன். போன மாதம் ஒரு பொய்மீன் பாறையில் மாட்டி அறுந்துபோனது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. சாலைக் கடைத்தெருவில் நம் கடையிலேயே அப்பாவிடம் தங்கூஸ் நூல் கேட்டேன். கயிறு, சங்கிலி, நைலான் என்று முப்பது வருஷமாக விற்கிறவர். எது கேட்டாலும் கேட்டதற்கு ஒரு சைஸ் மேலேதான் கை போகும்.

"ஒன்னு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் கொண்டு போ மக்கா. எனக்க கடையில வாங்கினது அறுந்துபோச்சுன்னு ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல."

இழுத்துப் பார்த்தேன். மாட்டைக் கட்டலாம். திருப்தி.

நவம்பர் 9, ஞாயிறு

கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. விஜின் பள்ளியில், அதாவது தேவாலயத்தில், பூசை காண்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒரு படகும் இறங்காது. நெய்மீனுக்கும் இது தெரியும் போல, திங்களன்று எப்போதும் தெம்பாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

நூறு மீட்டர் நூல் விட்டேன். பிறகு நூற்றைம்பது. நூல் கூடினால் ஆழம் கூடும், ஐந்தாம் வகுப்பு முக்கோணம்.

கடித்தது! சுற்றி இழுத்தால் ஒரு முரல். விரல் தடிமன், ஊசி மூக்கு.

விஜின் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "எடே, முரலு ஒம்பது மீட்டர்ல முங்கிக் கெடக்குமா? அது மேலாப்புல ஓடுத சாதனம்."

இரை கீழே இறங்கும் வழியில் பிடித்திருக்கும் என்று விளக்கினேன். பிறகு, ஆழம் நிற்காததற்குக் காரணம் அவனுடைய வேகம்தான் என்றேன். ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், வேண்டும் என்றால் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறான்.

"அலை இருக்கில்லா?" என்றான்.

அலை இருந்தால்? அதற்குத்தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையில் திராட்டில் இருக்கிறது.

நவம்பர் 15, சனி

மறக்க வேண்டிய நாள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

முதல் பெரிய விருந்தாளி, கொச்சியிலிருந்து மகேஷ்குமார். கட்டடம் கட்டுகிறவர். மீன் பிடிப்பதற்கென்றே தைத்த சட்டை, அதில் பதினாலு பை. ஒரு பையிலும் போட ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு மணி நேரம் கழித்து, மலையாளத்தில் மிகுந்த மரியாதையோடு, "உங்கள் பொய்மீன் சைவமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? "டிரைவர் வேகத்தைப் பிடிக்கத் தெரியாதவன் சார்."

டிரைவர். அவன் படகில், அவன் காதுபட.

விஜின் துறைமுகம் வரை ஒரு மூச்சில் ஓட்டினான். விருந்தாளி போன பிறகு, கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: ஓமனில் ஒரு இழுவைப் படகில் வேலை, மச்சான் சொல்லிவைத்திருக்கிறான், டிசம்பர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"படகு?"

"மாமனுக்குக் குடுத்திருவேன். வலை போடட்டு."

மகேஷ்குமார் டிசம்பர் பதின்மூன்றில் இன்னொரு முறை வருவாராம். அன்றைக்கு மீன் விழுந்தால் சீசன் முழுக்கச் சனிக்கிழமைகள் அவருடைய நண்பர் கூட்டத்துக்கு. விழாவிட்டால் விஜின் ஓமன், நான் அப்பா கடையில் கயிறு அளப்பேன்.

நவம்பர் 19, புதன்

விஜின் போனை எடுக்கவில்லை. அவன் மனைவி ஷிஜா எடுத்தாள். "டிரைவர் ஊணு கழிக்காரு. எஞ்சினியர் பெறவு விளியுங்க."

சாப்பிடுகிறானாம். டிரைவர் கதையை வீட்டில் சொல்லிவிட்டான். சரி. சொல்லட்டும்.

நவம்பர் 28, வெள்ளி

அவனேதான் கூப்பிட்டான். "ஒனக்க கணக்கும் எனக்க கையும், எது கள்ளம்னு பாத்திருவோம். பொறவு நான் போறேன்."

அவன் திட்டம் எளிது. பாரின் மேலே இழுக்க வேண்டும். கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். எந்தப் பார் எத்தனை பாகம் ஆழத்தில் இருக்கிறது என்பது இவர்களுக்கு மனப்பாடம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஒன்றே முக்கால் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பொய்மீன் பாரில் இடித்தால் கம்பு குலுங்கும். குலுங்கிய பாரின் ஆழமே பொய்மீனின் ஆழம்.

பள்ளிக் கோபுரமும் பின்னால் உள்ள மலையும் ஒரே கோட்டில் வந்த இடத்தில் முதல் பார். ஐந்து பாகம், ஒன்பது மீட்டர். வேகத்தை என் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பு அசையவில்லை.

இரண்டாவது, நாலு பாகம். அசையவில்லை.

மூன்று. அசையவில்லை. விஜின் முகத்தில் இப்போது சிரிப்பு கூட இல்லை, பரிதாபம். அது இன்னும் மோசம்.

கடைசியில் கோவளம் பக்கம், பையன்கள் முங்கிச் சிப்பி எடுக்கிற பாறை. இரண்டு பாகம். கம்பு குலுங்கியது.

மூன்றரை மீட்டர்.

மூன்று வாரமாக ஒன்பது ஒன்பது என்று நான் ஓதிக்கொண்டிருந்தது மூன்றரை. நெய்மீன் கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருக்கும்.

நவம்பர் 29, சனி

கடையில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் பொய்மீனை மட்டுமா இழுக்கும்? நூலையும் இழுக்கும். நூல் தடித்தால் இழுவை கூடும், நீண்டால் இன்னும் கூடும். அந்த இழுவை நூலை வளைத்து, பொய்மீனையும் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும். தகடு கீழே குத்தப் பார்க்கிறது, என் மாட்டுக்கயிறு மேலே ஏற்றுகிறது. போதாததற்கு நூற்றைம்பது மீட்டர்! ஆழம் போகவில்லை என்று நூலை விட விட, அதை நானே கரையேற்றியிருக்கிறேன். முக்கோணமாம். தண்ணீரில் வளையாத நூலை எந்த ஐந்தாம் வகுப்பில் பார்த்தேன்?

அட்டைப்பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில்: 0.3 மில்லிமீட்டர் பின்னல் நூலில் அளந்தது. என்னுடையது அதைப் போல நான்கு மடங்கு.

திரவ இயக்கவியலில் எனக்கு எண்பத்தொன்பது மார்க். யார் திருத்தினார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் கைக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

நூல் பழசாகிவிட்டது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும். அவனுக்குத் தெரியவா போகிறது?

— தெரியும். முரலைப் பார்த்தே ஆழத்தைக் கண்டுபிடித்தவன்.

டிசம்பர் 1, திங்கள்

போனேன். ஷிஜா முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள், சந்தையில் வாங்கிய மீன். அதைப் பார்த்ததும் தயார் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துபோனது.

"தப்பு நூல். நான் போட்டது. உன் கையில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு அந்த ஆளிடம் உன்னைச் சொன்னது அநியாயம்."

விஜின் காதைக் குடைந்தான். "கொறச்சு ஒறக்கச் சொல்லு. அவளுக்குக் கேக்கல்ல."

இன்னொரு முறை சொன்னேன். சத்தமாக.

ஷிஜா கத்தியை வைக்காமலே கேட்டாள்: "அந்தக் கொச்சிக்காரன் முன்னாடி சொன்னதுக்கு, இங்க வந்து மீன்தலைகிட்ட மன்னிப்பா அண்ணா?"



டிசம்பர் 5, வெள்ளி

பின்னல் நூல், 0.3. தையல் நூல் மாதிரி இருக்கிறது. அப்பா ரெண்டு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல பொத்தான் தைக்கலாம்" என்றார்.

ஐந்து பாகப் பார். அறுபது மீட்டர் நூல்தான் விட்டேன். அதே எஞ்சின், அதே நாலரை-ஐந்தரை ஊஞ்சல்.

கம்பு குலுங்கியது. மறுபடியும். பாறை, பாறை, பாறை.

விஜின் திரும்பிப் பார்க்கவே இல்லை. முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. ஓமன் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 13, சனி

மகேஷ்குமார், அதே சட்டை. படகு கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்: "சார், போன தடவை தப்பு என்னுடையது. நூல் தப்பு. இவர் டிரைவர் இல்லை, படகு இவருடையது." அவர் தலையாட்டினார். அவருக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. விஜின் எஞ்சின் கயிற்றை இரண்டு தடவை வீணாக இழுத்தான்.

ஏழே காலுக்கு ரீல் அலறியது. நூல் பறக்கிறது, நூறு மீட்டர், நூற்றிருபது. அந்தப் பொத்தான் தைக்கிற நூல். என் கை தானாகப் போய் ரீல் பிரேக்கை முறுக்கப் பார்த்தது.

படீரென்று விஜினின் அடி, என் மணிக்கட்டில். "கடைக்காரன் கைய எடு. இறுக்குனா அறுந்திரும், ஓடட்டு."

ஓடியது. நின்றது. வந்தது. மறுபடி ஓடியது. மகேஷ்குமார் கெட்ட வார்த்தையும் கடவுள் பெயரும் மாறி மாறிச் சொன்னார். இருபது நிமிஷம். நெய்மீன், பதினொரு கிலோ. எந்தப் பையிலும் அடங்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

ஓமனுக்கு விஜின் பதில் சொல்லக் கடைசி நாள். பத்து தடவை போனை எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 27, சனி

கொச்சிக் கூட்டம், மூன்று பேர். கம்புகளை இனி விஜின்தான் பார்க்கிறான். அடித்த அடி நியாயமானது என்று நானே ஒப்புக்கொண்டு எஞ்சினுக்கு மாறினேன். ஓமனுக்கென்று வாங்கிய சக்கரப் பெட்டியைத் திறந்து விருந்தாளிகளுக்குக் காட்டினான். உள்ளே வரிசையாகப் பொய்மீன்கள். ஷிஜா பழைய சேலையைக் கிழித்து அறை அறையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஒம்பது மீட்டர் சார். கரெக்ட்டா ஒம்பது," என்று அளந்துகொண்டிருந்தான். என் குரலில்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே: "எடே டிரைவரே, ஸ்பீடு கூடுது."

போனைப் பார்த்தேன். ஐந்தரை. அலை இருந்தது என்று வாய்வரை வந்தது.

குறைத்தேன்.