அப்பாவின் ஏழு மார்க் கேட்சர்

அக்ரன், ஒஹையோ
ஜூன் மாதம், ஞாயிறு மத்தியானம்

என் செல்ல டானாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் குட்டியும் ஒரு தும்மல்கூட இல்லாம சௌக்கியமா இருக்கணும்னு இங்கே நாங்க நினைச்சுக்கிட்டே இருக்கோம், எங்களுக்கும் குறையொண்ணும் இல்லை, என் முட்டி மட்டும் மழைக்கு முந்தின நாளே வானிலை அறிக்கை வாசிக்குது. நாங்க இங்கே வேர்த்து ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கோம், நீ அங்கே நியூசிலாந்திலே ரெண்டு கம்பளியைப் போர்த்திக்கிட்டு இதைப் படிப்பே, உலகத்திலே வேற இடமே கிடைக்காத மாதிரி எல்லாம் தலைகீழா நடக்கிற ஊராப் பார்த்துப் போய்ச் சேர்ந்தே, அந்தப் பிடிவாதம் உங்க அப்பாகிட்டேயிருந்து வந்தது, என் பக்கத்து ஜனங்க யாரும் எரி ஏரியைக்கூடத் தாண்டினதில்லை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தை வெட்டிட்டாங்க, சமையலறை திடீர்னு வெளிச்சமாப் போய் என் அழுக்கெல்லாம் எனக்கே தெரியுது. போன மாசம் போன்ல "அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்டே, நான் "தொண்டை சரியில்லை"ன்னு சொல்லி மழுப்பினேன், ஏன்னா அவர் பக்கத்திலேயே நின்னுக்கிட்டிருந்தார். தொண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. நடந்ததை எழுதுறேன், ஒரு கப் டீயைப் போட்டு வச்சுக்கிட்டுப் படி.

கேன்டன்ல இருக்கிற க்ளைட் மாமாவுக்குக் கண் போயிடுச்சும்மா. முழுசா இல்லை, ஓரமா இருக்கிறது தெரியுது, நேரே பார்த்தா நடுவிலே யாரோ ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி இருக்குதாம். டாக்டர் இனிமே திரும்பாதுன்னு சொல்லிட்டார். யாருக்கு வரக்கூடாதோ அவருக்கே வந்தது பாரு. உனக்குத் தெரியாததா, நீ பொம்மை கேட்ட வயசிலிருந்து உங்க அப்பாவும் அவரும் அந்த ஐம்பத்தொண்ணாம் வருஷத்து பேஸ்பால் கார்டு செட்டைத்தான் கட்டிக்கிட்டு அழுதாங்க. ஆட்டக்காரங்க படம் போட்டு சூயிங்கம்மோட சும்மா கொடுத்த அட்டை, அதை ஒவ்வொண்ணாத் தேடி வாங்கி, மார்க் போடுற கம்பெனிக்குத் தபால்ல அனுப்பி, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியிலே சீல் வச்சு, பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு வாங்கி, நிலவறையிலே அடுக்கி வச்சு, உன் ரிப்போர்ட் கார்டைக்கூட அந்த மனுஷன் அப்படி வெளிச்சத்திலே திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை. நாட்டிலே இருக்கிற எல்லா செட்டையும் வரிசைப்படுத்தி கம்ப்யூட்டர்ல போடுவாங்களே, அதிலே க்ளைட் முதல், உங்க அப்பா ரெண்டாவது, என் தலைமுடி கருப்பா இருந்த காலத்திலிருந்து இதேதான். வித்தியாசம் ஒரே ஒரு கார்டு. செட்டிலே கடைசி நம்பர், யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு கேட்சர், அடிக்கிறவனுக்குப் பின்னாலே குந்திக்கிட்டுப் பந்து பிடிக்கிற ஆளு. அந்தக் காலத்துப் பசங்க கார்டையெல்லாம் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வச்சதிலே அடியிலே கிடந்து தேஞ்சது அவர்தான், அதனாலே நல்ல நிலையிலே கிடைக்கவே மாட்டார். க்ளைட்கிட்டே இருந்தவருக்கு ஒன்பது மார்க், நம்ம வீட்டுக் கேட்சருக்கு ஏழு. கண்காட்சியிலே பார்க்கும்போதெல்லாம் க்ளைட், "ரூடி, ரெண்டாம் இடமும் நல்ல இடம்தான்யா, நெரிசல் இருக்காது"ம்பார். உங்க அப்பா வீடு வந்து சேர்ற வரைக்கும் ஸ்டியரிங்கைக் குத்திக்கிட்டே வருவார்.

அப்படிப்பட்ட க்ளைட் ஏப்ரல்ல போன் பண்ணினார். "செட்டை ஏலத்துக்கு விடப் போறேன், பார்க்க முடியாததை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. ஏலக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறதுக்குள்ளே நீ ஒருதடவை வந்து எல்லாத்தையும் பார்த்துச் சொல்லு. என் கார்டைக் குறை சொல்றதுக்கு உன்னைவிட்டா ஆள் ஏது"ன்னார். ஏலக் கம்பெனி ஆளு செட்டைப் பிரிச்சு ஒவ்வொரு கார்டா விட்டா கூடக் கிடைக்கும்னு சொல்லியிருக்கான், க்ளைட் ஒத்துக்கலை, போனா முழுசாப் போகணும், இல்லேன்னா என் சவப்பெட்டியிலே வைங்கன்னுட்டார். அதிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தா உங்க அப்பா லென்ஸை எடுத்துக்கிட்டுக் கேன்டனுக்குப் போக ஆரம்பிச்சார். ரெண்டு பேரும் நெட்டி அத்தை சமையல் மேஜையிலே உட்கார்ந்துக்கிட்டு, இவர் பார்த்துச் சொல்ல அவர் கேட்க, ஒரே சண்டையாம். இவர் "இடது மேல் முனையிலே லேசாத் தேய்மானம்"பார், அவர் "உன் கண்ணாடியைத் துடைடா"ம்பார். நெட்டி எனக்குப் போன் பண்ணி, "லொரெட்டா, கல்யாணமாகி இத்தனை வருஷத்திலே இந்த மனுஷன் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை"ன்னு சொல்லிச் சிரிச்சா. ருபார்ப் பைன்னு அந்தப் புளிப்புத் தண்டு வச்ச இனிப்பு வேற சுட்டுப் போடுவா, உங்க அப்பா பெல்ட்டிலே ஒரு ஓட்டை தள்ளிப் போச்சு.

கடைசிச் செவ்வாய்க்கிழமை கடைசி நம்பர், கேட்சர் முறை. க்ளைட் பெட்டியை எடுக்கலை, அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைத்தான் எடுத்து நீட்டினார். விஷயம் என்னன்னா, நெட்டி சர்ச்சுக்குப் போயிருந்தப்போ தனியா அதை எடுத்துக்கிட்டு ஹால்லே நடந்திருக்கார், கம்பளம் தடுக்கி விழுந்து, எழுந்திருக்கும்போது அவர் காலே பெட்டி மேலே ஏறியிருக்கு. பெட்டி நொறுங்கிப் போச்சு. தரையிலே தடவித் தடவிக் கார்டை எடுத்து உறையிலே போட்டு, யார்கிட்டேயும் மூச்சு விடலை. "எப்படிடா இருக்கு?"ன்னு உங்க அப்பாவைக் கேட்டிருக்கார். உங்க அப்பா பார்த்தார். கீழ் முனை அப்படியே மடிஞ்சு, மடிப்பு கேட்சரோட முழங்கை வரைக்கும் வெள்ளைக் கோடா ஓடியிருக்கு. ஒன்பது மார்க் போனது போனதுதான். உங்க அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நல்லாத்தான் இருக்கு க்ளைட், ஒண்ணும் ஆகலை."

அன்னைக்கு வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் சுருளைத் தொடலை. நான் உருட்டி உருட்டிச் செஞ்சதை முள்கரண்டியாலே தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டிருந்தார். நான் விடுவேனா, கேட்டுக் கேட்டு வாங்கினேன். கேட்டதும் என் வாய் சும்மா இருக்காம, "அப்போ நீங்கதான் முதல் இடம், கேக் வெட்டலாமா"ன்னுட்டேன். அவர் முள்கரண்டியைக் கீழே வச்சார். "இத்தனை வருஷம் அவன் விழணும்னு காத்துக்கிட்டிருந்தேன் லொரெட்டா, நிஜமாவே விழுந்துட்டான்"னார். நான் சொன்னேன், ஏலக்காரன் வந்து பார்த்துட்டு ரெண்டு வார்த்தையிலே சொல்லிட்டுப் போவான், அதுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க, வலிக்கிற விஷயத்தைத் தெரிஞ்ச வாய் சொல்லட்டும்னு. காலையிலே ஷேவ் பண்ணிக்கிட்டு, சர்ச்சுக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினார்.

போய்ச் சொன்னார். க்ளைட் உறையை எடுத்து விரலாலே தடவினாராம். அப்புறம், "எனக்குத் தெரியும்டா, கண்ணுதான் போச்சு, விரல் போகலை, தரையிலேயே தெரிஞ்சுது"ன்னாராம். அப்படின்னா ஏன் கேட்டேன்னு இவர் கேட்க, அதுக்கு அந்த மனுஷன் சொன்னதை உங்க அப்பா எனக்கு ரெண்டு தடவை சொன்னார். "நான் ஊரைச் சுத்தி வாங்கின கார்டையெல்லாம் நீ நொட்டை சொன்னே, அதுக்குப் பயந்துதான் நான் நல்ல கார்டா வாங்கினேன். நீ பொய் சொல்ற ஆளில்லைன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். நேத்து நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டே ரூடி. அந்தச் சனியன் எனக்கு ஊர் முழுக்கக் கிடைக்குது, உன்கிட்டேயும் வேண்டாம். எழுந்து போ." நெட்டி குறுக்கே வந்து ருபார்ப் பையாவது சாப்பிட்டுட்டுப் போகட்டும்னாளாம், "பையும் கிடையாது"ன்னுட்டாராம் க்ளைட். உங்க அப்பா திரும்பி வந்து கராஜ்ல காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நீ போன் பண்ணினது அன்னைக்குத்தான்.

அடுத்து நடந்த கூத்தைக் கேளு. சனிக்கிழமை க்ளைட் கூப்பிட்டார், உங்க அப்பாவை இல்லை, என்னை. "லொரெட்டா, உன் புருஷன்கிட்டே சொல்லு, அவன் கேட்சரை விலைக்குக் கேட்கிறேன். மடிஞ்சதை ஏலக்காரன் சேர்த்துக்கமாட்டான், செட்டிலே ஒண்ணு குறைஞ்சா பிரிச்சுத்தான் விப்பான்." நான் போனைக் கையாலே பொத்திக்கிட்டு, "க்ளைட் உங்க கேட்சரைக் கேட்கிறார்"னேன். "கொடுக்க முடியாதுன்னு சொல்லு"ன்னார் உங்க அப்பா. சொன்னேன். "அந்த ஏழு மார்க் குப்பைக்கு இவ்வளவு கிராக்கியான்னு கேளு." கேட்டேன். "குப்பையை ஏன் கேட்கிறான்னு கேளு." நான் பொத்தினாலும் ரெண்டு பேரும் கத்துற கத்தலிலே ஒருத்தர் குரல் மத்தவருக்குக் கேட்குது, நான் மட்டும் நடுவிலே கிளி மாதிரி திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கேன், அடுப்பிலே சூப் பொங்கி வழியுது. கடைசியிலே போனை வச்சுட்டு நான்தான் சொன்னேன். "கொடுக்காதீங்க. அந்தக் கார்டெல்லாம் ஊருக்கு ஒண்ணாப் பிரிஞ்சு போகட்டும். அப்புறம் நீங்க யாருக்குப் பின்னாடி ரெண்டாவதா இருப்பீங்க?" நிலவறைக்குப் போனார். ரொம்ப நேரம் கழிச்சு வந்தார், கைக்குட்டையிலே சுத்தி அந்தப் பெட்டி கையிலே. காசு வாங்கிக்கலை. பதிலுக்கு அந்த மடிஞ்ச கேட்சரைக் கேட்டார், க்ளைட் கொடுத்தார். இப்போ நம்ம செட்டு வரிசையிலே எங்கேயோ கீழே போயிடுச்சு, நான் எத்தனாவதுன்னு கேட்கிறதில்லை, கேட்டா சூப்பிலே உப்பில்லேம்பார்.

ஏலம் போன வெள்ளிக்கிழமை க்ளீவ்லாந்திலே ஒரு ஹோட்டல் ஹால்லே நடந்தது. நாலு பேரும் போனோம். நெட்டி இருக்கிறதிலேயே நல்ல தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்தா, அவளுக்குப் பின்னாலே இருந்தவன் எட்டி எட்டிப் பார்த்துச் சலிச்சுப் போயிட்டான். க்ளைட் முன் வரிசையிலே முட்டியிலே கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார், உங்க அப்பா காதுகிட்டே, "இடது பக்கம் தாடிக்காரன் ஏலம் கேட்கிற நம்பர் அட்டையைத் தூக்கிட்டான், போனிலே பேசுற பொண்ணு தலையாட்டுது, தாடிக்காரன் வேர்க்கிறான்"னு குதிரைப் பந்தயம் மாதிரி சொல்லிக்கிட்டே வந்தார். தாடிக்காரன் கார்டை வாங்கிப் பிரிச்சு விக்கிற வியாபாரியாம், அது தெரிஞ்சதிலிருந்து உங்க அப்பா என் கையைப் பிடிச்ச பிடியிலே மோதிரம் பதிஞ்சு போச்சு. ஆனா பின்னாடி சாம்பல் கோட்டு போட்ட ஒரு அம்மா தூக்கின அட்டையை இறக்கவே இல்லை. தாடிக்காரன் விட்டுட்டான். சுத்தியல் விழுந்தது. "யாருடா?"ன்னார் க்ளைட். "ஒரு பொம்பளை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கா. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கா"ன்னார் உங்க அப்பா. "அப்போ சரி"ன்னார் க்ளைட்.

அந்த அம்மா ஐயோவாவிலே பல் டாக்டராம், எங்களைத் தேடிக்கிட்டு வந்து கை குலுக்கினாங்க. பிரிக்கிறதா இல்லை, அவங்க அப்பா சேர்க்க ஆரம்பிச்சு முடிக்காமப் போன செட்டாம். எல்லாம் ஒன்பது, எட்டுன்னு இருக்க கடைசியிலே ஏன் ஒரு ஏழுன்னு கேட்டாங்க. உங்க அப்பா ஷூவைப் பார்த்தார். க்ளைட் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணாலே இவரைத் தேடிப் பிடிச்சு, "அது இவனோடது. என் செட்டிலேயே மட்டமான கார்டு அதுதான். அதை மட்டும் வித்துடாதீங்க"ன்னார். உங்க அப்பாவுக்கு அப்பத்தான்மா தொண்டை கெட்டுது, நிஜமாவே.

திரும்பி வரும்போது கேன்டன்ல க்ளைட் வீட்டு வாசல்லே நிறுத்தினா அவர் இறங்கலை. "இனிமே செவ்வாய்க்கிழமை நீ வரமாட்டே, பார்க்கிறதுக்குத்தான் ஒண்ணுமில்லையே"ன்னார். உங்க அப்பா கொஞ்ச நேரம் கண்ணாடி துடைக்கிற மாதிரி பாவனை பண்ணிட்டு, பாக்கெட்டிலிருந்து அந்த மடிஞ்ச கேட்சரை எடுத்து, உறையிலிருந்து உருவி, வெறும் கார்டா அவர் கையிலே வச்சார். ரெண்டு பேரும் வெறும் கையாலே கார்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. "இதிலிருந்து ஆரம்பிப்போம். உலகத்திலேயே மோசமான செட்டு. மடிஞ்சது, கிழிஞ்சது, சைக்கிள் சக்கரத்திலே சொருகினது, குண்டூசி குத்தினது. நல்ல கார்டு ஒண்ணுகூட உள்ளே வரக்கூடாது. நீ தடவிப் பார்த்து மார்க் போடு, நான் பேசமாட்டேன்"னார். க்ளைட் மடிப்பு மேலே கட்டைவிரலை ஒருதடவை ஓட்டினார். "நீ பேசாம இருக்கிறதாவது"ன்னார். அப்புறம், "இதுக்கு ரெண்டரை மார்க். முழங்கைகிட்டே இன்னும் கொஞ்சம் மடிஞ்சிருந்தா ஒண்ணு கொடுத்திருப்பேன்"னார். நானும் நெட்டியும் பின் சீட்டிலே ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கிட்டோம். கார்டெல்லாம் போய் வீடு காலியாகும்னு நாங்க ரெண்டு பேரும் போட்ட கணக்கு அங்கேயே போச்சு.

கண்ணு, நீ கவலைப்படாதே, அப்பா இப்போ ரெண்டு தட்டு சாப்பிடுறார். உனக்குத்தான் சொல்றேன், வீட்டு ஹீட்டரை ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, போன வருஷமும் சொன்னேன், நீ தலையாட்டினது போன்லேயே தெரிஞ்சுது. மாப்பிள்ளையைக் கட்டிட வேலையிலே கையுறை போடச் சொல்லு. குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன், கை ஒண்ணு நீளமா வருது, வளர்ந்துடுவான் விடு. நீங்க மூணு பேரும் ஒருத்தரையொருத்தர் விட்டுக்கொடுக்காம, சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள்ளே முடிச்சுக்கிட்டு, நிறைஞ்ச வீடா இருக்கணும்னு உங்களை நினைச்சு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டதும் சொல்லு, மறந்துடாதே, உங்க அப்பா கேட்கமாட்டார், காலண்டரைப் பார்த்துக்கிட்டே இருப்பார்.

முத்தங்களோட,
உன் அம்மா
லொரெட்டா ஹுடாக்

அப்பா பக்கத்திலே நின்னு எழுதச் சொல்றார்: அங்கே பழைய சாமான் கடையிலே நாய் கடிச்ச பேஸ்பால் கார்டு ஏதாவது கண்ணிலே பட்டா வாங்கி அனுப்பணுமாம். பல் தடம் ஆழமா இருக்கணுமாம்.