நோரோவா அக்காவின் போர்வை

அன்புள்ள தேயோ,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மங்காயாத் தீவில் மழை விட்டதா? நான் நலம். ஆக்லாந்துக் குளிரில் இருமல் மட்டும் விடவில்லை, பயப்பட ஒன்றுமில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் நம்மூர் நோரோவா அக்கா இனித் தேறமாட்டார் என்கிறார் மருத்துவர். அடக்கத்தின்போது உடலில் சுற்ற அவருக்கென்று ஒரு தீவைவைப் போர்வை இல்லை. அதனால் நம் தீவுப் பெண்கள் நாலுபேர் துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறோம். நேற்று, அவர் தூங்குகிறார் என்று நம்பி, கட்டில் பக்கத்திலேயே தைத்தோம். கண் விழித்துவிட்டார்.

"யாருக்குடி இது?"

"என் பேரனுக்கு அக்கா. முதல் முடிவெட்டுச் சடங்கு வருது."

"பொடியனுக்கு இவ்வளவு நீளமா? அவன் என்ன தென்னமரமா?"

காப்பியடித்து மாட்டிய மாணவியைப் போல விழித்தேன். அக்கா கையை நீட்டினார்.

"ஊசியைக் கோத்துக் குடு. உன் கோணத் தையலுக்குள்ள என்னால நிம்மதியா படுக்க முடியாது."

படுத்தபடியே ஓர் ஓரத்தைத் தைத்தார். எங்களால்தான் தைக்க முடியவில்லை.

சிவப்புத் துணி போதவில்லை. நான் பள்ளிக்குப் போட்டுப்போன சிவப்பு உடுப்பை அனுப்புங்கள். ஓய்வுபெற்ற டீச்சருக்கு அது எதற்கு?

இன்னொன்று. என் இருமலைக் கேட்டதிலிருந்து நம் மகள் தெரே, எனக்கென்று தைத்த தீவைவையையும் இங்கே வரவழைக்கலாம் என்கிறாள். உங்களிடமும் கேட்பாள். அனுப்பாதீர்கள். வெயிலில் உலர்த்திப் பெட்டியிலேயே வையுங்கள். அது இருக்கும் இடத்துக்கு நான் வருகிறேன்.

மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மெரேயானா