மழைக்கு எடுத்த சேலைகள்

இன்று காலை பழைய மழைக்கோட்டின் பையில் கையை விட்டேன். ஒரு மரக் கிளிப் அகப்பட்டது. துணி காயப்போடுகிற சாதாரணக் கிளிப்தான். அதன் மேல் உன் கையெழுத்தில் 117.

அந்தச் சனிக்கிழமை லண்டனில் மோர்டன் பூங்காவின் சரிவில் நாம் இருநூறு சேலைகளைக் கயிறுகளில் தொங்கவிட்டோம். அனுமதி ஒரு நாளுக்கு மட்டுந்தான். மோர்டனிலும் டூட்டிங்கிலும் வீடு வீடாக ஏறியிறங்கி நீ இரவல் வாங்கிய சேலைகள். மேலே வெளிர் மஞ்சளில் தொடங்கி, கீழே கடும் சிவப்பில் முடியும்படி ஒவ்வொன்றின் கிளிப்பிலும் இலக்கமிட்டிருந்தாய். எல்லாம் ஒன்றாகக் காற்றில் எழும்புவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதுதான் உன் ஆசை. அடுத்த கிழமை உனக்குச் சத்திரசிகிச்சை. இன்னொரு கோடை வருமா என்று நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்று வரவேயில்லை. மதியம் தாண்டியும் சேலைகள் அசையாமல் தொங்கின.

"லண்டனில காத்துக்கும் அப்பொயின்ற்மென்ற் எடுக்கவேணும் போலடி," என்றாய்.

சேலை தந்த அன்ரிமார் புல்லில் பாய் விரித்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று தலையாட்டித்தான் தந்தவர்கள். ஆனால் முதல் துளி விழுந்ததும் யாரோ குரல் கொடுத்தார்.

"மழை! எடுங்கோ, கெதியா எடுங்கோ!"

அவ்வளவுதான். எல்லோரும் எழும்பிக் கயிறுகளை நோக்கி ஓடினார்கள்.

"விடுங்கோ அன்ரி, நனையட்டும்!" என்று நீ கத்தினாய்.

"கூறைச் சீலையடி பிள்ளை! நனையட்டுமாம். உனக்கென்ன விசரே?"

கிளிப்புகள் நாலாபக்கமும் தெறித்தன. மூன்று கிழமையாக நீ யோசித்து வைத்த நிற வரிசை சில நிமிடங்களில் கலைந்துபோனது. நீ அழப்போகிறாய் என்றெண்ணி உன் பக்கம் வந்தேன். நீ என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாய்.

"பாரடி. பறக்குது."

மடிக்க நேரமில்லாமல், சேலைகளைத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, அவர்கள் சரிவில் மரங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாய்த் துணி எழும்பி விரிந்தது. சரிவு முழுவதும் ஓடியது.

பிறகு மரத்தடியில், ஈரத் தலையோடு அவர்களின் றோல்ஸைச் சாப்பிட்டபடி சொன்னாய்: "நான் கட்டினன், தொங்கிச்சுது. அவையள் கழட்டிச்சினம், பறந்திச்சுது." அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் குறை எதுவும் இல்லை.

நீ போய் இரண்டு கோடைகள் ஆகின்றன. 117ஐ என் பல்கனிக் கொடியில் மாட்டியிருக்கிறேன். இந்த இரண்டு கோடையும், மழை வந்தால் அந்தக் கொடியில் காயும் துணியை உன் சொல்லைக் கேட்டு நனையவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஆனால் முதல் துளிக்கே எழும்பி ஓடிவிடுகிறேன். கழற்றிய சட்டையோடு உள்ளே ஓடிவரும்போது, அதன் கை பின்னால் பறக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன்.