இருவரும் ஒரே பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு மேசைக் காட்சியை இன்றுதான் வெட்டிக் கோக்க உட்கார்ந்தேன். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் வீட்டை விட்டுப் போவது என்று சண்டை போடுகிறார்கள். படத்துக்கே உயிர் அதுதான். இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்டில் குறை ஒன்றுமில்லை. தனித்தனியாக எடுத்த முகங்களை மாற்றி மாற்றி வைத்தால்தான் கோளாறு. அவனும் வலது பக்கம் பார்க்கிறான், அவளும் வலது பக்கம் பார்க்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர் மாதிரி இருக்கிறார்கள்.

லைன் உடைந்திருக்கிறது. பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை அதற்கு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் நாள் பாடம்! வேறு கேமராமேன் என்றால் நேராக டைரக்டரிடம் போயிருப்பேன். இவன் என் தம்பி. முதல் படம். சேர்த்துவிட்டதே நான்தான்.

மார்ச் 5

போனில் கேட்டேன். "லைனெல்லாம் உடையலக்கா, நீ சரியாப் பாரு" என்கிறான். அவள் முகத்தில் விழுவது சாயங்கால வெளிச்சம். வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு கேமராவை மேசைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போயிருக்கிறான். "போனியா இல்லையாடா?" என்றேன். "எனக்குத் தெரியாதா?" வைத்துவிட்டான்.

கழுதை.

மார்ச் 6

மறுபடி எடுக்கவும் வழியில்லை. கதாநாயகன் அடுத்த படத்துக்காக மொட்டை போட்டுவிட்டானாம்.

மார்ச் 8, சனி

அவளுடைய ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிப் பார்த்தேன். பார்வை சரியாகிவிட்டது, மச்சம் மறு கன்னத்துக்குப் போய்விட்டது. சரி, அவனைத் திருப்புவோம் என்றால் சட்டைப் பை வலப்பக்கம் வருகிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். "மேசை சீன் ரெடியா?"

"கொஞ்சம் வேலை இருக்கு சார்."

"வியாழக்கிழமை பாக்கறேன். உங்க தம்பி வேகமா எடுக்கறார், சரி. ஒழுங்கா எடுக்கறாரான்னு அதுல தெரிஞ்சிடும். க்ளைமாக்ஸுக்கு வேற ஆளும் கேட்டு வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 9

அம்மா போன். "நீ கூட இருக்கறதாலதான் நிம்மதியா இருக்கேன். அவன விட்டுக்கொடுத்துடாதே." இவளிடம் யார் என்ன சொன்னது?

மார்ச் 10

தம்பியே நேரில் வந்தான். போட்டுக் காட்டினேன். முகம் செத்துவிட்டது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை: "பாக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

தெரியாதுதான். ஆனால் எங்கோ இடிக்கும். அந்த ஒரு நொடி சண்டையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு வருவது யார், நானா? கத்திவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டான். பாவமாகவும் இருக்கிறது, அறையலாம் போலவும் இருக்கிறது.

மார்ச் 11

வேறு எதையோ தேடும்போது ஒரு ஷாட் கிடைத்தது. அதே வீட்டில், அவர்களுடைய குழந்தை தூங்கும் அறையின் கதவு, பாதி சாத்தியபடி. சும்மா வைத்துப் பார்ப்போமே என்று வைத்தேன். அவன் முகம். கதவு. அவள் முகம்.

ஐயோ! இரண்டு பேரும் அந்தக் கதவைத்தான் பார்க்கிறார்கள். "நான் போறேன்" என்று அவள் சொல்வது அவனிடம், கண் மட்டும் குழந்தை இருக்கும் பக்கம். நான் எழுந்து அறையைச் சுற்றி வந்தேன். இது காட்சியா, இல்லை, தம்பியின் தப்பை மூடும் வேலையா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 12

நாளைக்குப் பார்க்கிறார். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 13, வியாழன்

பார்த்தார். "இன்னொரு தடவ போடுங்க." போட்டேன்.

"ரெண்டு பேரும் குழந்தைய நினைச்சுக்கிட்டே சண்ட போடறாங்க... இப்படி எடுக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே?"

நான் காட்சியை மறுபடி முதலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். "சரி, தம்பிகிட்டயே கேட்டுக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். இது நல்லதா கெட்டதா? நாலு தடவை போன் செய்தேன், தம்பி எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் அவனே கூப்பிட்டான்.

"உண்மையச் சொல்லிட்டேன்க்கா. வேணும்னு எடுக்கல, கதவு உன் வேலைன்னு."

"அடப்பாவி, அதுக்கு என்ன சொன்னாரு?"

"க்ளைமாக்ஸையும் நீயே எடுன்னாரு. அதுலயும் ஒரு இடத்துல லைன உடைக்கணுமாம். இந்தத் தடவ தெரிஞ்சு உடைன்னாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்:

"அக்கா... அன்னைக்கு நான் கேமராவ எந்தப் பக்கம் கொண்டுபோனேன்?"