இடது கன்னத்துக்கு ஒரு படம்

என் பிரியத்துக்குரிய சம்பந்தி,

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதும் கடிதம் இது. சிவகாசி அச்சகத்தில் இத்தனை வருஷம் கிடந்தும், எந்தச் சட்டையில் பட்ட மை போகும், எதில் போகாது என்பதைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் உங்கள் மகள் செல்வி சிங்கப்பூரிலிருந்து பேசினாள். ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்ன பிறகு, உங்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நடந்ததில் உங்களுக்குத் தெரியாத பகுதி கொஞ்சம் இருக்கிறதே.

ஆமத்தூர் விலக்கில் லாரி இடித்தபோது உங்கள் முகத்தின் இடது பக்கம்தான் அடிபட்டது. முகத்தை மூடிக் கட்டியே கொடுத்துவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சம்பந்தியம்மா ஒரே பிடியாக நின்றார்கள். "எம்மக அவுக மூஞ்சியப் பாக்காம எடுக்கக் கூடாது." செல்வியும் என் மகனும் விமானம் பிடித்து வருவதற்குள், முகத்தைச் சீர்செய்கிற ஒருவரை மதுரையிலிருந்து பிணவறைக்கு வரவழைத்தோம். வந்ததும் அவர் கேட்டது போட்டோ.

நம்மூர்க்காரனிடம் போட்டோ கேட்டால் எதைக் கொடுப்பான்? கல்யாண பிளக்ஸுக்காக எங்கள் அச்சகத்தில் சரிசெய்த படத்தைக் கம்பீரமாக நீட்டினேன். நிறத்தைக் கூட்டி, கன்னத்தை நிரப்பி, கழுத்துச் சுருக்கத்தை எடுத்து வைத்திருந்தோமே, "யாரு சம்மந்தி இது, மாப்பிள்ளைக்கு அண்ணனா?" என்று நீங்களே கேட்டீர்களே, அதே படம்.

அவர் அதைப் பார்த்தார். உள்ளே போய் உங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இத வச்சுச் செஞ்சா காலண்டர்ல இருக்கிற ஆளு வருவாரு. உள்ள படுத்திருக்கிறவரு வர மாட்டாரு. கை வைக்காத படம் இல்லையா?"

ஆல்பத்தை எல்லாம் புரட்டினோம். கடைவாய்ப் பல் போனதிலிருந்து இடது கன்னத்தில் விழுந்த பள்ளத்துக்காக, கேமராவைக் கண்டாலே வலது பக்கத்தைக் காட்டி நிற்பீர்கள். ஒரு படத்திலாவது மறந்திருக்கக் கூடாதா?

அப்போதுதான் என் போன் ஞாபகம் வந்தது. வெம்பக்கோட்டைக்குக் காதுகுத்துக்குப் போன வேனில், ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கினீர்களே, அந்தப் படம். குடும்ப குரூப்பில் நான் போட்டதும் உடனே கூப்பிட்டீர்கள்.

"சம்மந்தி, அத அழிச்சிருங்க. பொண்ணக் குடுத்தவன இப்பிடியா ஊருக்குக் காட்டுவீக?"

"தூங்கும்போதுதான் சம்மந்தி நீங்க சும்மா இருக்கீக. அதான் எடுத்தேன்."

அதன் பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். இடது கன்னம் முழுசாகத் தெரிந்தது அந்த ஒரு படத்தில்தான். மதுரைக்காரர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கண்ணு மூடியிருக்கு. சிரிப்பு இல்ல. வெளிச்சம் பக்கத்துல இருந்து விழுது. இது போதும்."

வேலை முடிகிற நேரத்தில் வீட்டாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். கோழி அறுத்தாலே தெருமுனைக்குப் போய் நிற்கிறவன் நான். என்னைத்தான் உள்ளே தள்ளினார்கள்.

நீங்கள்தான். ஆனால் நீங்கள் இல்லை. "எங்க இடிக்குது, சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வேன் படத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். உங்களை என்றாவது பார்த்திருக்கிறேனா?

கடைசியில் சொன்னேன். "யாரையோ வையப் போற மாதிரி இருக்காரு. எங்க சம்மந்தி வைய மாட்டாரு. முனகத்தான் செய்வாரு." என் வாயோரத்தையே இழுத்து, இறக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் வாயோரத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். அடிபட்ட கன்னத்தில் நிரப்பியிருந்த மெழுகில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார். பள்ளம் விழுந்தது. வந்துவிட்டீர்கள்.

செல்வி வந்தாள். குனிந்து இடது கன்னத்தில் கையை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, மீசைக்கு டை அடிக்காம விட்டுட்டீகளே. அப்பா கோவிச்சுக்குவாக."

அழுதுகொண்டிருந்த சம்பந்தியம்மா சிரித்துவிட்டார்கள். நான்தான் வெளியே போய், உங்களை ஏற்றி வந்த வேனுக்குப் பின்னால் நின்று அழுதேன். முகத்தில் என்ன வேலை நடந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அதைத்தான் போன வாரம் கேட்டாள். "மாமா, அன்னைக்கு நான் தொட்டது அப்பா கன்னந்தானா? தொட்டப்ப வேற மாதிரி இருந்துச்சு."

படத்தில் கன்னத்தை நிரப்பத் தெரிந்தவனுக்கு, இந்த இடத்தை ஒரு பொய்யால் நிரப்பத் தெரியாதா? வாய்வரை வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"மெழுகும்மா. பள்ளம் மட்டும் உங்கப்பாவோடது."

 

"அந்தப் பள்ளத்துலதான் மாமா நான் வெரல வச்சிருந்தேன்" என்றாள்.

பொங்கலுக்கு வருகிறாள். மிச்சத்தையும் கேட்பாள் போலிருக்கிறது. ரோட்டில் எவ்வளவு நேரம் கிடந்தீர்கள், நினைவு இருந்ததா, வலித்ததா. சொல்கிற தெம்பு எனக்கு இருக்குமா? தெரியவில்லை. ஆனாலும் வாக்குத் தருகிறேன் சம்பந்தி. அவள் கேட்காததை நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டதை மழுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
செல்வி "மாமா" என்று கூப்பிடுகிற,
உங்கள் சம்பந்தி.