இரண்டு ஆணித் துளைகள்

14 ஓகஸ்ட் 2004, சனி

டோர்செட்டின் இந்த ஆங்கிலக் கிராமத்தில் குதிரைச் சேணம் தைப்பவர் ஒருவர் இருந்திருக்கிறார். ஆதாரம்: ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய இருக்கைக்குக் கீழுள்ள அட்டை. தாழ்ந்த பலகை, முன்பக்கம் மூக்குப்போல் நீண்டிருக்கிறது, நுனியில் இரண்டு துளைகள். எதற்கு? "தோலைப் பிடிக்கும் கவ்விக்கு" என்றார் பொறுப்பாளர் திருமதி ஹார்டிங். படம் எடுத்தேன்.

26 ஓகஸ்ட், வியாழன்

நான் எழுதும் தமிழ்ப் பத்திரிகையில் அந்த இருக்கை பற்றிய என் கட்டுரை படத்தோடு வந்தது. காலையிலேயே ஹவுன்ஸ்லோவிலிருந்து எமில்டா என்றொரு வாசகி தொலைபேசியில்.

"அண்ணை, உது திருவலையெல்லோ. தேங்காய் திருவுற அலகு கழண்டுபோச்சு, அவ்வளவுதான்."

"அட்டையில சேணக்காரற்ற எண்டுதான் இருந்தது, தங்கச்சி."

"அட்டையை வாசிச்சனீங்கள், சரி. ஒருநாளாவது குசினிக்குள்ள போனனீங்களோ?"

மனைவி மரியநாயகியிடம் படத்தைக் காட்டினேன். "கலியாணம் கட்டி முப்பது வருசமாத் தேங்காய்ச் சம்பல் திண்டும் தெரியேல்லையோ?" என்று சிரித்தாள்.

பத்திரிகையில் எழுதும் இந்த முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு திருத்தமும் போட்டதில்லை.

27 ஓகஸ்ட்

திருத்தம் போடவேண்டும் என்றேன். பத்திரிகை ஆசிரியர் கணேஸ்வரன்: "விடுங்கோ அண்ணை, ஆர் கவனிக்கப்போகினம்?"

எமில்டா கவனித்தாரே. ஆனால் அவர் சொன்னதையும் சரிபார்க்காமல் அச்சிட்டால்? அதுவும் அட்டையை நம்பியது போலத்தான்.

4 செப்டம்பர், சனி

மறுபடி டோர்செட், இம்முறை மரியநாயகியோடு. அவள் அட்டையை வாசிக்கவேயில்லை. அனுமதி கேட்டு அமர்ந்தாள். கைகள் தாமாகவே அந்தத் துளைகளுக்கு மேலே போய், இல்லாத தேங்காயைத் திருப்பின.

பிறகு பலகையைத் திருப்பினோம். அடியில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்துகள்: பாக்கியம்.

"அவை வெறும் கீறல்கள் என்றிருந்தோம்" என்றார் திருமதி ஹார்டிங். "அது ஒரு பெயரா?"

முதல்முறை நானும் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாசித்திருப்பேன். அருங்காட்சியகம் திறந்த நாற்பது வருடத்தில் அன்றுவரை வந்துபோனவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானோ?

23 செப்டம்பர், வியாழன்

திருத்தம் நான்காம் பக்கத்தில், என் பெயரோடு. எமில்டாவுக்கு நன்றியும். சேணக்காரரின் அட்டையை எடுத்துவிட்டதாகத் திருமதி ஹார்டிங் எழுதியிருக்கிறார். பழைய பதிவேட்டின்படி பலகை 1926இல், எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து திரும்பிய பாதிரியார் ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு இந்தக் கிராமத்துக்கு வந்தது.

மாலையில் பாதித் தேங்காய் திருவினேன். "இன்னும் வெள்ளை கிடக்கு" என்று மரியநாயகி சிரட்டையைத் திருப்பித் தந்தாள்.

உறுதியாகாதவை: பாக்கியம் அந்த வீட்டில் சமையல்காரியா, பிள்ளை பார்த்தவளா, ஊர் திரும்பினாளா. கப்பல் பயணிகள் பட்டியலின் பிரதி ஒக்டோபர் 12 அளவில் வரும். புதிய அட்டையில் அவள் பெயருக்குக் கீழே, அதுவரை, ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்களாம்.