காலுக்குக் கீழே கடல் வந்த காலை

அன்பு மச்சான் அந்தோணிக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. நான் ஓட்டின பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தவன் நீ. அதனால் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பறக்கிறேன்டா! ரிடையர் ஆன உன் டிரைவர், முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு, துணி இறக்கையில் தொங்கியபடி மரக்காணம் உப்பளத்துக்கு மேலே போகிறான். சிரிக்காதே.

பொம்மையார்பாளையத்தில் ராகவன் சார் என்று ஒருவர் இதைக் கற்றுக்கொடுக்கிறார். விமானப்படையில் இருந்தவர். அவருடைய இன்ஜின் மக்கர் பண்ணியபோது போய்ச் சரிசெய்தேன். "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். "எனக்கும் கத்துக்குடுங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது. நாலு மாசம் மணலில் இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடினேன். என் மனைவியை நீ தங்கச்சி என்பாயே, அந்தக் கஸ்தூரியிடம் மூச்சு விடவில்லை. மெக்கானிக் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மேலே போனால் ஹாரன் இல்லை, எதிரே லாரி இல்லை. கீழே பாத்தி பாத்தியாக உப்பு, சில பாத்தியில் தண்ணீர் ரோஸ் கலரில் நிற்கும். இந்த வயசில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எதற்கு என்று தோன்றும்.

போன வாரம் மரக்காணத்தில் தனியாகப் பறந்தேன். காலையில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் அடித்தது. "கடைசி வரப்பைத் தாண்டாதீங்க" என்று சார் சொல்லித்தான் அனுப்பினார். தாண்டினேன். ஆசைதான், வேறென்ன? அப்போது இன்ஜின் ரெண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது.

காலுக்குக் கீழே கடல். சுனாமி அலை வந்துட்டுப் போன நாளிலிருந்து கடலில் நான் கால்கூட நனைத்ததில்லை. நீச்சலும் தெரியாது, முதுகில் இரும்பு.

"ஏழுமலை, கரையைப் பார்த்துத் திரும்புங்க!" வாக்கி டாக்கியில் சாரின் குரல். திரும்பினேன். காற்று முகத்தில் அறைந்தது. கரை கிட்டே வரவே இல்லை. ரெண்டு கையாலும் பிரேக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தேன். பயந்தால் பிரேக், முப்பது வருஷப் பழக்கம்.

"பிரேக்கை விடுங்க! கையை மேலே தூக்குங்க!"

வேகம் குறைந்தால் காற்று கடலுக்குள் தள்ளிவிடும். புத்திக்குத் தெரிகிறது, கை கேட்கணுமே? ஏசுவையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். விட்டேன். அங்குலம் அங்குலமாக நுரை பின்னால் போனது. மணலில் படகுகள் நிறுத்தியிருந்தார்கள். அவற்றின் தலைக்கு மேலே உரசாமல் தப்பி, கடைசிப் பாத்தியில் முகம் குப்புற விழுந்தேன்.

கண்ணெல்லாம் உப்பு எரிச்சல். வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து தன் குடிதண்ணீரை என் முகத்தில் ஊற்றினார். "பேரப்பிள்ளைங்க இருக்குதா உனக்கு?"

"ரெண்டு."

"அப்புறம் இன்னா வேலை உனக்கு மேலே?"

பெட்ரோல் டியூபின் கிளிப் கழன்றிருந்தது. முந்தின நாள் அதை மாட்டினவன் நான். சாரிடம் மறைக்காமல் சொன்னேன். கிளிப்பை வாங்கித் தானே மாட்டினார். "இனிமே நீங்க மாட்டினதை நான் பார்க்கறேன். நான் மாட்டினதை நீங்க பாருங்க" என்றார்.

எனக்கு முன்னால் சேதி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது. கஸ்தூரி என் ஈர உடுப்பைப் பார்த்தாள். அழவில்லை.

"அந்தோணி அண்ணன் நெஞ்சுவலியை ஒரு வாரம் மறைச்சு வெச்சிருந்தார். அவர் செத்ததைவிட, சொல்லலையேன்னுதான் ஸ்டெல்லா இன்னும் அழுவுறா. நீங்களும் அப்படித்தானா?"

உன் பெண்டாட்டி படும் பாட்டை என் பெண்டாட்டி வாயால் கேட்டேன். ஒரே பஸ்ஸில் இருந்தவன்தானே நான், என்னிடமாவது ஏன்டா சொல்லவில்லை?

"போகக் கூடாதுன்றியா?" என்று கேட்டேன்.

"சொன்னா நிப்பீங்களா?"

ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"சொல்லிட்டுப் போங்க. அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், பயத்தையும் சேர்த்து. உனக்கும் வாக்குத் தருகிறேன் மச்சான்: நீ சொல்லிக்காமல் போனாய், நான் சொல்லாமல் தரையை விட்டுக் காலை எடுக்க மாட்டேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
ஏழுமலை